அரைத் திருகு

முப்பத்தெட்டாம் காலின் கடைசி போல்ட்டும் ணங் என்றது. நல்ல பிள்ளை, அப்படியே இரு என்று அதற்கு ஒரு சொல் சொல்லிவிட்டுத் தெக்லா முப்பத்தொன்பதுக்கு நகர்ந்தாள். மணி ஒன்பது இருக்கும். காலை ஐந்தே முக்காலுக்கு ஏறியவள். மற்ற நாளென்றால் இந்நேரத்துக்கு முழுத் தடத்தையும் நடந்து முடித்துக் கீழே இறங்கி, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கேன்டீனில் இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பாள். இன்றைக்கு இன்னும் முதல் மேட்டின் உச்சியையே தாண்டவில்லை. எல்லாம் அந்தப் பெயின்ட்டுக்காரன் செய்த வேலை, அவன் கை விளங்காமல் போக. நூற்றுப்பத்தடி உயரத்துக்கு மரத்திலேயே கட்டிய ரோலர் கோஸ்டர் இது. நூற்றெழுபது கால், ஒவ்வொரு காலின் தலையிலும் தடத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு போல்ட். தினமும் ஜனங்கள் ஏறுமுன் ஒரு ஆள் தடத்தோரப் பலகையில் நடந்து அத்தனையையும் பார்த்தாகவேண்டும். அது கண்ணால் பார்க்கிற வேலைதான். முடுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து வாஷர் வழியாக மரம் வரைக்கும் மஞ்சளில் ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். நட்டு எள்ளளவு திரும்பினாலும் கோடு ஒடிந்து தெரியும், ஒடியாமல் இருந்தால் நடந்துகொண்டே இருக்கலாம். அந்தக் கோட்டின் மேல்தான் அந்தக் களவாணி வெள்ளை அடித்திருக்கிறான். நேற்று அண்ணன் பேத்திக்கு மாதா கோயிலில் புதுநன்மை என்று அவள் தூத்துக்குடி போன ஒரு நாளைக்குள், திறப்பு விழாப் போட்டோவில் எல்லாம் ஒரே வெள்ளையாக விழவேண்டும் என்று நட்டு, போல்ட், மரம், கைப்பிடி, காய்ந்து கிடந்த ஒரு ஓணான் உட்பட எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். ஆகவே கண்ணை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காதால் பார்க்கவேண்டியதாயிற்று. போல்ட்டின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. இறுகியிருந்தால் ணங். இறுகாவிட்டால் என்ன சத்தம் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும், அதை நினைக்கத்தான் இஷ்டமில்லை.

ணங், முப்பத்தொன்பது, ஒன்று. ணங், இரண்டு. கச்சான் காற்று வல்லநாட்டு மலைப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. பூங்காவே பொட்டல்காட்டில்தான் இருக்கிறது, காற்றுக்கு என்ன கேள்விமுறை. உதடு வெடித்து, நாக்கால் தடவினால் உப்பாகவும் மரத்தூளாகவும் கரித்தது. இந்த ரோலர் கோஸ்டருக்குப் பெயரும் கச்சான்தான். கட்டினவர்கள் வைத்த பெயர். தோணி கட்டுகிற ஆசாரிகளை, தன்னோடு சேர்த்து இருபத்துநாலு பேராக, அவளுடைய அண்ணன் ரொசாரிதான் தூத்துக்குடியிலிருந்து கூட்டி வந்தான். வளைத்து வளைத்து மரத்தைப் பூட்டத் தெரிந்தவன் தோணிக்காரனை விட்டால் யார் இருக்கிறான் என்று முதலாளியிடம் கேட்டே வேலையை வாங்கினான். ணங், மூன்று. கீழே பார்க்காதே. கீழே பார்க்காதே என்று சொன்னாலே கண் கீழே போகும், அது ஒரு கேடு. சொன்னால் ஊரே கையைத் தட்டிச் சிரிக்கும், தெக்லாவுக்கு உயரம் என்றால் பயம். பதினொரு மாசமாக ஒருத்தருக்கும் தெரியாது. ஒன்பது வயதில் அப்பாவின் தோணிப் பட்டறையில் சாரத்திலிருந்து தவறி, பாதி கட்டின தோணியின் வயிற்றுக்குள் விழுந்தாள். மரச்சுருள் குவியல்மேல் விழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அப்பா எட்டிப் பார்த்து, ஆணி ஏதும் குத்துச்சா என்று கேட்டார், இல்லை என்றதும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவள் பாட்டுக்கு அங்கேயே மல்லாந்து கிடந்து, வளைந்த மரச் சட்டங்களுக்கு நடுவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது தூக்குவார்கள் என்று. யாரும் தூக்கவில்லை. அன்றிலிருந்து உயரம் போனால் உள்ளங்கால் கூசும், ஏதோ எறும்பு ஊர்கிற மாதிரி. அதை யாரிடமும் சொல்லாமல் டிப்ளமா படித்து, யாரிடமும் சொல்லாமல் இந்த வேலைக்கு எழுதிப்போட்டு, யாரிடமும் சொல்லாமல் தினமும் ஏறுகிறாள். எண்ணிக்கொண்டே போனால் கூச்சம் தெரியாது. ணங், நான்கு. கழுத்தில் மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்த சாவி காற்றில் ஆடி நெஞ்சில் இடித்தது. ஏறுமுன் செய்கிற முதல் வேலை அது. வண்டியை மேலே இழுக்கிற மோட்டாரின் சுவிட்சுப் பெட்டிக்குத் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னோடு எடுத்துக்கொள்வது. பூட்டினவர்தான் திறக்கவேண்டும், முதலாளியே ஆனாலும் கை வைக்கக்கூடாது என்று வடிவமைத்துக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் எழுதிவைத்துவிட்டுப் போன சட்டம். இந்தப் பூங்காவில் அவளுக்கென்று இருக்கிற ஒரே அதிகாரம் அந்தப் பூட்டு, அதை அவள் விடுவதாக இல்லை.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. மேனேஜர் ஆனந்தவேல். நேரில் அவளை மேடம் என்பான், முதுகுக்குப் பின்னால் அந்தம்மா. எந்தக் கால் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். முப்பத்தொன்பது என்றாள். பத்தரையிலிருந்து பன்னிரண்டு நல்ல நேரம், பன்னிரண்டைத் தாண்டினால் இன்றைக்கு இல்லை, நாளைக்கு ஆடி பிறக்கிறது, அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியாதா என்றான். தெரியும். முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி ஆடி மாசத்தில் ஒரு பெட்டிக்கடைக்குக்கூட ஷட்டரைத் தூக்காத ஆள். இன்றைக்கு விட்டால் ஒரு மாசம் தள்ளிப்போகும். அதற்குத்தான் கிடந்து அடித்துக்கொள்கிறார்கள். அதற்குத்தான் ராவோடு ராவாகப் பந்தல் போட்டு, மதுரையிலிருந்து நாகஸ்வரம் வரவழைத்து, நட்டுக்கெல்லாம் வெள்ளை அடித்து. மூணு வாரமா மணல் மூட்டை வச்சு ஓட்டிப் பாத்தாச்சே மேடம், நேத்து மாதிரிதான இன்னைக்கும் இருக்கும் என்று இழுத்தான். மணல் மூட்டைக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, ஐயா. அதைச் சொல்லாமல், முடிச்சிட்டு வாரேன் என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது கண் கீழே போய்விட்டது. உள்ளங்கால் கூசியது. பந்தலோரத்தில் ஆசாரிகள் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். இருபத்துநாலு ஆரஞ்சுச் சட்டை, முதுகில் கச்சான் என்று அச்சடித்தது. தோணியை முதல்முதலில் தண்ணீரில் இறக்கும்போது ஆணி அடித்தவர்கள் எல்லாரும் அதில் ஏறி நிற்கவேண்டும், அப்படி நிற்கப் பயப்படுகிறவன் கட்டின தோணியை எவன் வாங்குவான். அந்த வழக்கத்தை ரொசாரி அண்ணன் சொல்லப்போக, அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. முதல் வண்டியில் இருபத்துநாலு இருக்கை, இருபத்துநாலு ஆசாரி, கணக்குச் சரியாக வந்தது. கூட்டத்தில் அண்ணன் எது என்று தேடினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாக நிற்கிறதே ஒன்று, அதுதான். அவன் எப்போதும் அப்படித்தான் நிற்பான், வேலை முடித்ததைத் தள்ளி நின்று பார்க்கிறவன் மாதிரி.

ணங். நாற்பதும் முடிந்தது. அடுத்தது நாற்பத்தொன்று, அவளுடைய கால். அங்கே வரும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு இடம் இனிக்கும். நாற்பது வரைக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்களே முடுக்கியது. அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் போடுகிற ஒரு ஸ்பேனர் வைத்திருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு பல் வைத்தியம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அக்டோபரில் அதைப் பெட்டியோடு கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். பெட்டி அப்படியே மூடிக்கிடந்தது, தோணிக்காரன் கைக்குத் தெரியாததையா அது சொல்லிவிடப்போகிறது. பிறகு நவம்பர். கல்லறைத் திருநாளுக்கு நாலு பேர் லீவு. தூறல் நின்றபாடில்லை, மரமெல்லாம் நனைந்து கறுத்துக்கிடந்தது. ஆனந்தவேல் யாரோ விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, குடைக்குக் கீழே நின்றபடி, இவங்க இங்க எழுதுற வேலை பாக்காங்க என்று அவளைக் காட்டினான். எழுதுகிற வேலை! பக்கத்தில் ஆசாரி இன்னாசி கொக்கரித்துச் சிரித்தான். தெக்லாவுக்கு வந்ததே பாருங்கள் ஒரு கோபம், தாளை ஆனந்தவேல் கையில் திணித்துவிட்டு, இன்னாசி கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துநாலு. நாற்பத்தெட்டு போல்ட்டும் அவள் கையால். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. பொழுது சாயுமுன் இறங்கி வந்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. ரொசாரி அண்ணன் ஒரு டம்ளர் டீயைத் தானே கொண்டுவந்து நீட்டினான். சின்ன வயதிலிருந்து தங்கச்சிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக்கொடுத்தவனில்லை அவன். அந்த டீயின் சூடு இன்னும் கையில் இருக்கிறது. தாளில் அந்த நாலு காலுக்கும் நேராக, முடுக்கியவர் தெ. மச்சாடோ என்று அவளே எழுதினாள், பெரிய எழுத்தாக.

நாற்பத்தொன்று, ஒன்று. தொப். சுத்தியல் வழுக்கியிருக்கும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் தட்டினாள். தொப். அழுகின தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. காற்றுச் சத்தத்தில் காது ஏமாறுகிறது. காதைக் கையால் பொத்திக்கொண்டு தட்டினாள். காதைப் பொத்திக்கொண்டால் எப்படிக் கேட்கும், பைத்தியம். இரண்டாவதைத் தட்டினாள். தொப். மூன்றாவது தொப். நாலாவது ணங், அப்பாடா என்று இருந்தது, பிறகு ஐந்து ஆறு ஏழு எல்லாம் தொப் தொப் தொப் என்று, பன்னிரண்டில் பதினொன்று. உச்சியிலிருந்து வண்டி தலைகுப்புறப் பாய்வதற்குத் திரும்புகிற வளைவு இது, முழுப் பாரமும் ஒரு பக்கமாக வந்து உட்காருகிற இடம். உடம்பு குளிர்ந்துபோயிற்று. இந்த வெயிலில், இந்தக் காற்றில், நடுமுதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. எவனோ கழற்றியிருக்கிறான். எவனோ வேண்டாதவன் ஏறி வந்து நட்டைத் திருப்பியிருக்கிறான், அதை மறைக்கத்தான் பெயின்ட் அடித்தார்கள், ஆமாம், அப்படித்தான் இருக்கவேண்டும். கத்தியை எடுத்து முதல் நட்டின் மேலிருந்த வெள்ளையைச் சுரண்டினாள். அடியில் மஞ்சள் கோடு. நட்டிலிருந்து வாஷர், வாஷரிலிருந்து மரம், துளி பிசகாமல் நேராக இருந்தது. இரண்டாவதைச் சுரண்டினாள், நேர்கோடு. ஒருத்தனும் கழற்றவில்லை. நட்டு ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை. வாஷருக்கும் மரத்துக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். நகம் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

மரம்தான் சுருங்கியிருக்கிறது. நட்டு நின்ற இடத்தில் நிற்கிறது, மரம் அதை விட்டு விலகிப் போயிருக்கிறது. நவம்பர் மழையில் ஊறிப் பெருத்துக்கிடந்த மரம், ஜூனிலிருந்து இந்தக் கச்சான் அடித்து அடித்து உறிஞ்சியதில் உடம்பு இளைத்துப்போயிற்று. கோடு எப்படி ஒடியும்? கோடு ஒரு பொய்யும் சொல்லவில்லை, நட்டு திரும்பவில்லை என்றுதான் சொன்னது. அதை நம்பி இத்தனை நாளும் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே. இன்றைக்கும் கோடு தெரிந்திருந்தால் இந்தக் காலைத் தாண்டி எப்போதோ போயிருப்பாள். விடிந்ததிலிருந்து வாய் ஓயாமல் திட்டிய அந்தப் பெயின்ட்டுக்காரன் மட்டும் நட்டுக்கு வெள்ளை அடிக்காமல் விட்டிருந்தால் அவள் சுத்தியலைக் கையில் எடுத்திருக்கவே மாட்டாள். நல்லா இருடா மகராசா, உன் கைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் நாற்பது வரைக்கும் ணங் என்றதே, அதுவும் இதே பைன் மரம்தானே, அதே காற்றுதானே. அங்கே ஏன் இப்படி விடவில்லை? அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கப் போகிறவள் மாதிரி. தெரிந்துதான் இருந்தது. கைக்கு முதலில் தெரிந்தது. ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினாள். எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். திருகினாள், போயிற்று, போயிற்று, அரைத் திருகில் வந்து கெட்டியாக நின்றது. அடுத்தது. அரைத் திருகு. அதற்கடுத்தது. அரைத் திருகு. அப்பா பட்டறையில் ஆறு வயதில் கை படித்த பாடம் அது. தோணியில் போல்ட்டைக் கடைசி வரைக்கும் முடுக்கக்கூடாது, அரைத் திருகு மிச்சம் விட வேண்டும். தண்ணீரில் இறங்கினால் பலகை குடிக்கும், குடித்து ஊதும், தானாக இறுகும். முழுக்க முடுக்கினால் ஊதுகிற மரம் நெரிந்து பிளந்துபோகும். அன்றைக்கு அவ்வளவு கோபத்திலும் கை அரைத் திருகு மிச்சம் வைத்துவிட்டுத்தான் நின்றிருக்கிறது, நாற்பத்தெட்டிலும். பொட்டல்காட்டில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், இந்தத் தோணி எந்தக் கடலில் இறங்கப்போகிறது என்று கை கேட்கவில்லை.

பதினொன்றையும் முடுக்கிவிட்டாள். தட்டினாள், ணங். எவ்வளவு சுலபம். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துநாலும் முடுக்கிவிட்டால் முக்கால் மணி நேரம். மற்றதைத் தட்டாமலே விட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் கீழே இறங்கி, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நாகஸ்வரக்காரர் பக்கத்தில் போய் நிற்கலாம். யாருக்குத் தெரியும்? இந்த ஓணானுக்குத் தெரியும். தளர்ந்தது தளர்ந்ததுதான், முடுக்கினாலும் மறுபடி மணல் மூட்டை வைத்து முப்பது சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மனுஷனை ஏற்றவேண்டும் என்று சட்டம். அந்தச் சட்டமும் அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கும் அவளுக்கும்தான் தெரியும். எழுதினால் என்ன ஆகும்? முடுக்கியவர் தெ. மச்சாடோ. அவளே பெரிய எழுத்தாக எழுதி வைத்திருக்கிறாள். ஆனந்தவேல் அதைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவான். பொம்பள கையில ஸ்பேனரக் குடுத்தா இப்படித்தான் என்று இன்னாசி சொல்லுவான், சொல்லாவிட்டாலும் நினைப்பான், நினைப்பது முகத்தில் தெரியும். பதினொரு மாசம். உள்ளங்கால் கூசக் கூச ஏறின பதினொரு மாசமும் இந்த அரைத் திருகில் போய்விடும். விழுவதைவிட இது பெரிய பயமாக இருந்தது. விழுந்தாலாவது யாராவது எட்டிப் பார்த்து ஆணி குத்தியதா என்று கேட்பார்கள். போகட்டும், சொல்லவேண்டாம். முடுக்கிவிட்டுப் பேசாமல் இறங்கு. நாற்பத்துநாலு வரைக்கும்தானே. நாற்பத்துநாலு வரைக்கும் மட்டும்தானா? அந்த நினைப்பு அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது. அரைத் திருகு அவள் கண்டுபிடித்த வித்தை இல்லையே. அண்ணன் கையும் அதே பட்டறையில் படித்த கைதான். இன்னாசி கை, மற்ற இருபத்திரண்டு பேர் கை. நாற்பத்தைந்திலிருந்து நூற்றெழுபது வரைக்கும் யார் முடுக்கியது? தெக்லா நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று தடம் சரிந்து, வளைந்து, மறுபடி ஏறி, அந்தக் கோடி வரைக்கும் போயிற்று, போட்டோவில் அழகாகத்தான் விழும். கீழே நாகஸ்வரம் ஆரம்பித்தது. ஆரஞ்சுச் சட்டைகள் வரிசையாக வண்டியை நோக்கி நகர்ந்தன. அவளுக்குத் திடீரென்று ஒரு ரோஷம் வந்தது, நவம்பரில் வந்த அதே ரோஷம், ஆனால் இந்தத் தடவை அது அவள்மேலேயே வந்தது. சீ, இவ்வளவுதானா நீ. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான்கள். சிரிப்பதற்கு உயிரோடு இருக்கட்டும்.

வாக்கியில் இந்தத் தடவை அண்ணாச்சியே வந்தார். பத்து நாற்பது. அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை, கடையில் கட்டுமானச் சாமான் விற்றுப் பழகின நிதானமான குரல். ஏம்மா தெக்லா, என்னம்மா பண்ணுத, எல்லாரும் வந்து காத்துக்கெடக்காக, இறங்கி வந்து சாவியக் குடும்மா என்றார். தெக்லா தடத்தின் விளிம்பில் நேராக நிமிர்ந்து நின்றாள், அங்கிருந்து அவருக்குத் தெரியட்டும் என்று. இன்றைக்கு வண்டி ஓடாது என்று சொன்னாள். நாற்பத்தொன்றாம் காலில் பதினொரு போல்ட் லூஸ், முடுக்கியது நான், தப்பு என்னுடையது, தாளில் எழுதப்போகிறேன், மற்ற கால்களிலும் இருக்கும் என்று சந்தேகம். பின்னால் ஆனந்தவேல் ஏதோ சொல்வது கேட்டது, பூட்டை உடைத்துவிடலாம் என்கிறான். அண்ணாச்சி அவனை அதட்டிவிட்டு, பன்னெண்டுக்குள்ள முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு என்றார். முடியாது. ஆடிக்குள்ளயே முடியுமான்னு தெரியல. நாளையில இருந்து நீ வரவேண்டாம்னு சொன்னா என்ன செய்வ என்று கேட்டார், அதையும் நிதானமாகத்தான் கேட்டார். சாவியை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். வாய் பாட்டுக்குத் தெளிவாகப் பேசியது.

"சாவி என் கழுத்துல கெடக்கு அண்ணாச்சி. வேணும்னா ஏறி வந்து வாங்கிக்கிடுங்க. வேலைய விட்டு எடுக்கதா இருந்தா நாளைக்கு எடுங்க. இன்னைக்கு நான்தான் பூட்டுனது, நான்தான் திறக்கணும்."

நாகஸ்வரம் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. தெக்லா பலகையில் உட்கார்ந்து, தொடையில் தாளை வைத்து, காற்றில் பறக்காமல் முழங்கையால் அமுக்கிக்கொண்டு எழுதினாள். கால் 41, சரியில்லை. காரணம், அரைத் திருகு குறைவு. முடுக்கியவர், தெ. மச்சாடோ. எழுத்து கோணிற்று, ஆனாலும் பெரிதாகவே எழுதினாள். எழுதி முடித்தபோதுதான் கவனித்தாள், இவ்வளவு நேரமும் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கால் கூசத்தான் செய்தது. கூசட்டும். வண்டியில் ஏற நின்ற வரிசை கலைந்து, ஒரு ஆரஞ்சுச் சட்டை மட்டும் பந்தலுக்குப் போவதும், ஆனந்தவேலிடம் கையை நீட்டுவதும் தெரிந்தது. வாக்கி கரகரத்தது.

"தெக்லா." ரொசாரி அண்ணன். மூச்சு வாங்குகிறது.

"சொல்லுண்ணே."

"அரைத் திருகு விட்டியா?"

யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "விட்டிருக்கேன். நாப்பத்தெட்டுலயும். நெனைச்சு விடல, கை விட்டிருக்கு."

அண்ணன் இப்போது திட்டுவான். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாயே என்பான், மேஸ்திரி ரொசாரியின் தங்கச்சி செய்த வேலையைப் பார் என்று தூத்துக்குடிக் கடற்கரை முழுக்கப் பேசும் என்பான். இருபத்துமூன்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன், அவன் பெயரும்தான் இதில் கெடும். தெக்லா பொறுத்துப் பார்த்தாள். பிறகு பொறுக்கவில்லை. எழுந்து, நாற்பத்திரண்டையும் நாற்பத்துமூன்றையும் நாற்பத்துநாலையும் தட்டாமல் தாண்டி நடந்தாள். அவை என்ன சொல்லும் என்று தெரியும். நாற்பத்தைந்தில் போய் நின்றாள். அவளுடையது இல்லாத முதல் கால்.

"நாப்பத்தஞ்சு யாரு முடுக்குனது அண்ணே?"

"நாந்தான்."

"கேட்டுக்கிடு" என்று சொல்லிவிட்டு வாக்கியின் பொத்தானை அமுக்கிப் போல்ட்டின் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சுத்தியலை ஓங்கினாள். ஓங்கின கை ஒரு கணம் அப்படியே நின்றது. ணங் என்று வரட்டும் கர்த்தரே, நான் மட்டும் தப்புச் செய்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். தட்டினாள்.

தொப்.

பொத்தானை விட்டாள். கீழே நாகஸ்வரம் பாட்டின் நடுவிலேயே நின்றுபோயிற்று, யாரோ கடைசியில் சொல்லிவிட்டார்கள். காற்று மட்டும் அடித்தது.

"கேட்டுதா?"

"கேட்டுது" என்றான் அண்ணன். பிறகு வாக்கியை வாயிலிருந்து எடுக்காமலேயே, பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னது அவளுக்கும் கேட்டது. "அந்தக் கிளிக்குச் சத்தம் போடுத ஸ்பேனர் பெட்டி எங்கலே கெடக்கு? எடுத்துட்டு வாங்க. எல்லாரும் வாங்க."

இருபத்துநாலு ஆரஞ்சுச் சட்டையும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாமான் கொட்டகையை நோக்கி நடந்தன. அண்ணாச்சி பந்தலின் நிழலில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மேலே பார்த்தார், அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. தெக்லா தாளைத் திருப்பி, நாற்பத்தைந்துக்கு நேராக, சரியில்லை, முடுக்கியவர் ரொ. மச்சாடோ என்று எழுதினாள். பிறகு அடுத்த போல்ட்டைத் தட்டினாள்.